535 கிட் போடலாமா, புது வண்டி வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 2011 நவம்பரில் பதிவான ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு ட்வின்ஸ்பார்க் 350. 88,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போதும் மலை இறங்கும்போதும் நீலப் புகை வருகிறது. மனைவியும் நானும் இரண்டு பக்கப் பைகளோடு கிளம்பினால் 80-க்கு மேல் இழுக்க மாட்டேன் என்கிறது. மாதம் ஒருமுறை ஏற்காடு அல்லது கொல்லிமலை, ஆண்டுக்கு ஒரு நீண்ட பயணம்; அடுத்த ஆண்டு லடாக் போக ஆசை. மெக்கானிக் மூன்று வழி சொல்கிறார். பழைய அளவிலேயே என்ஜின் வேலை 30,000 ரூபாய், என்ஜினைப் பெரிதாக்கும் 535 சிசி பிளாக்-பிஸ்டன் (சிலிண்டர், பிஸ்டன்) கிட் 65,000, பழைய 500 என்ஜின் ஒன்றைத் தூக்கி வைப்பது 75,000. ஷோரூமில் அதே நிறுவனத்தின் புது மீட்டியோர் 350 ஆன்-ரோடு 2.40 லட்சம் என்கிறார்கள். இந்த ஆண்டு ஆர்சியும் (பதிவுச் சான்று) முடிகிறது. என்ன செய்யலாம்?
— சேலம் வாசகர்

பதில்: 535 கிட், 500 என்ஜின் இரண்டையும் இப்போதே மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஒரு விஷயம்: புகை வருவதும் 80-க்கு மேல் ஏறாததும் ஒரே நோய் என்று நீங்களும் மெக்கானிக்கும் முடிவு செய்துவிட்டீர்கள். கடிதத்தைப் படித்தால் இரண்டும் தனித்தனிக் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதில் ஒன்று சில நூறு ரூபாயில் முடிந்துவிடலாம்.

80-இல் நிற்பதை முதலில் பார்ப்போம். உங்கள் வண்டியில் இருப்பது பிஎஸ்29 வகை கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பாகம்). இதில் ஆக்சிலரேட்டர் கேபிள் ஸ்லைடை (காற்று வழியைத் திறக்கும் அடைப்பு) நேராகத் தூக்காது. மேல் மூடிக்குள் இருக்கும் மெல்லிய கறுப்பு ரப்பர் டயாஃப்ரம், என்ஜினின் உறிஞ்சலுக்கு எழும்பி, ஸ்லைடையும் பெட்ரோல் அளவை மாற்றும் ஊசியையும் சேர்த்துத் தூக்கும். பதினைந்து வருட ரப்பர் மடிப்பு விழும் இடத்தில் விறைத்துப்போய் ஊசிமுனை அளவு ஓட்டை விட்டுவிடும். அப்படியானால் ஐடிலிங் சுத்தமாக இருக்கும், ஊருக்குள் ஒரு குறையும் தெரியாது. ஹைவேயில் முழுக்க முறுக்கினாலும் ஸ்லைடு பாதிக்கு மேல் எழாது, வண்டி 70, 80-இல் கட்டிப்போட்டதுபோல் நிற்கும். மூடியைத் திறந்து டயாஃப்ரமை வெளியே எடுத்து, இரண்டு விரலால் லேசாக விரித்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தாலும் அதை மாற்ற வேண்டும். ஒட்டுப்போடுகிறேன் என்பவரிடம் விடாதீர்கள், பெட்ரோல் ஆவியில் பசை நிற்காது. திரும்ப மாட்டும்போது டயாஃப்ரம் விளிம்பு பள்ளத்தில் முழுதாக உட்கார வேண்டும். மூடிக்கு அடியில் கடிபட்டால் புது ரப்பரிலும் அதே கோளாறுதான்.

அங்கே குறையில்லை என்றால் அடுத்து பிரேக். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி நியூட்ரலில் பின்சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். ஒரு சுற்றில் நின்றால் டிரம் ஷூ உரசுகிறது. முன் டிஸ்க்கை, பிரேக் அதிகம் பிடிக்காமல் ஐந்து கி.மீ. ஓட்டிவிட்டுக் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் காலிபர் பிஸ்டன் திரும்பாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு கிளட்ச்: நான்காம் கியரில் 50-இல் போய்க்கொண்டே சட்டென்று முழுக்க முறுக்குங்கள். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது. ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் யாரோ அளவுக்கு மேல் ஆயில் ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த என்ஜின் மிச்ச ஆயிலை பிரீதர் குழாய் வழியாக ஃபில்டர் பெட்டிக்குள்தான் துப்பும். நனைந்த ஃபில்டர் இழுவையைக் குறைக்கும், புகையையும் கிளப்பும். இது தெரியாமல் பிளாக்கைக் கழற்றுபவர்கள் நிறையப் பேர்.

இனி புகை. நீலப் புகை எப்போது வருகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. முறுக்கும்போது, ஏற்றத்தில் சுமை இழுக்கும்போது வந்தால் ரிங்கும் (பிஸ்டன் வளையம்) போரும் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்திருக்கின்றன. நீங்கள் சொல்லும் இரண்டு நேரமும் அப்படி அல்ல. இரவு முழுக்க நின்ற வண்டியில் வால்வு சீல் (வால்வுத் தண்டைச் சுற்றிய ரப்பர்) வழியாக ஆயில் சொட்டி, காலையில் ஸ்டார்ட் செய்ததும் எரியும். மலை இறங்கும்போது ஆக்சிலரேட்டரை மூடிவிடுகிறோம், கியர் என்ஜினைச் சுற்றுகிறது, உள்ளே பலமான உறிஞ்சல் உண்டாகி வால்வு கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய்) இடுக்கு வழியாக ஆயிலை இழுக்கிறது. இரண்டுமே ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) பக்கம்தான் கைகாட்டுகின்றன. வேலை ஹெட்டோடு முடிந்தால் 30,000 ஆகாது.

ஊகத்தில் திறக்க வேண்டாம், அளந்துவிட்டுத் திறக்கலாம். கடைகளில் கம்ப்ரஷன் கேஜை மாட்டி "கம்ப்ரஷனே இல்லை, போர் போய்விட்டது" என்பார்கள். உங்கள் என்ஜினில் அந்த அளவீடு ஏமாற்றும். ஸ்டார்ட் செய்யும் வேகத்தில் எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே திறந்து வைக்கும் தானியங்கி டிகம்ப்ரஸர் கேமில் (வால்வுகளைத் திறக்கும் சுழல் பாகம்) இருக்கிறது. அதனால் நல்ல என்ஜினிலும் கேஜ் குறைவாகத்தான் காட்டும். செய்ய வேண்டியது லீக்-டவுன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் காற்றடித்துக் கசிவை அளப்பது. என்ஜினைச் சூடாக்கி, பிஸ்டனை கம்ப்ரஷன் முடிவில் மேலே நிறுத்தி, வண்டியை டாப் கியரில் போட்டு, பின் பிரேக்கை ஒருவர் அழுத்திப் பிடிக்க, ஒரு பிளக் துளை வழியாக 100 பிஎஸ்ஐ காற்று விட வேண்டும். இன்னொரு பிளக் மாட்டியே இருக்கட்டும். 10 சதவீதத்துக்குள் கசிந்தால் என்ஜின் ஆரோக்கியம். 20-ஐத் தாண்டினால் வேலை இருக்கிறது. எங்கே என்பதைக் காது சொல்லும்: ஆயில் ஊற்றும் வாயில் புஸ்ஸென்று கேட்டால் ரிங், சைலன்ஸரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் கேட்டால் இன்லெட் வால்வு. சீலும் கைடும் மட்டும் தேய்ந்திருந்தால் இந்தச் சோதனையில் ஒன்றும் தெரியாது. அளவு நன்றாக இருந்தும் புகை வந்தால் அவைதான் காரணம். கூடவே ஆயில் குடிப்பதையும் கணக்கெடுங்கள். 1,000 கி.மீ.க்கு 100, 200 மில்லி என்றால் இந்த வயதில் பொறுத்துக்கொள்ளலாம். அரை லிட்டர் என்றால் திறந்தே ஆக வேண்டும்.

535 கிட் ஏன் வேண்டாம்? உங்கள் என்ஜின் 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சிசி. 535 என்பது அதே 90 ஸ்ட்ரோக்கில் 87 மி.மீ. போர். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். 87-இன் வர்க்கம் 7,569, 70-இன் வர்க்கம் 4,900. அதே எரிப்பு அழுத்தத்தில் பிஸ்டன் தலையில் விழும் அடி 54 சதவீதம் கூடுகிறது. அதைத் தாங்கப்போவது 88,000 கி.மீ. ஓடிய கிராங்கின் (பிஸ்டன் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) பின்னும் அதன் பேரிங்கும். பிஸ்டனின் எடையும் கூடும். கிராங்கின் எதிர் எடை சிறிய பிஸ்டனுக்காகச் சமன் செய்யப்பட்டது என்பதால் ஃபுட்ரெஸ்ட்டிலும் ஹேண்டில்பாரிலும் உதறல் ஏறும். 29 மி.மீ. கார்புரேட்டரும் 350-இன் வால்வுகளும் அவ்வளவு பெரிய சிலிண்டரை மேல் வேகத்தில் நிரப்ப மாட்டா. அதனால் கிடைக்கும் இழுவையும் கீழ் வேகத்தில்தான். அது கிளட்ச்சையும் கியர் பற்களையும் உலுக்குகிற இழுவை. பெரிய பிளாக்குக்காக கிராங்க்கேஸ் (என்ஜினின் கீழ்க்கூடு) வாயைக் கடைசலில் அகலப்படுத்திவிட்டால் பழைய பிளாக்குக்குத் திரும்பும் வழியும் போய்விடும்.

கிட் போட்டுச் சில நாள் "ஜம்முனு இழுக்குது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேர், இரண்டு பை, மே மாத வெயிலில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு என்பது ஊருக்குள் சிக்னலில் முந்துவது மாதிரி அல்ல. 350-க்காக வடித்த ஹெட் துடுப்புகள் 535-இன் சூட்டை அங்கேதான் கழிக்கத் திணறும்.

சட்டமும் இதற்கு எதிர். தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்சி விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பிரிவு 182ஏ-இன்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உரிமையாளருக்கு வரலாம். "என்ஜின் நம்பர் மாறாதே, யாருக்குத் தெரியும்?" என்பார் கிட் விற்பவர். விபத்து நடந்தால் காப்பீட்டு சர்வேயருக்குத் தெரியும். மூன்றாம் நபர் காப்பீட்டில் 150 முதல் 350 சிசி வரை ஒரு கட்டணம், 350-க்கு மேல் அதைப்போல் இருமடங்குக்கும் மேல். 346 என்று எழுதிக் கட்டிவிட்டு 535 ஓட்டினால், கிளெய்மை மறுக்க நிறுவனத்துக்கு நீங்களே காரணம் எழுதிக் கொடுத்த மாதிரி.

500 என்ஜின் மாற்றுவதில் இன்னும் வம்பு. ஆர்சியில் இருக்கும் என்ஜின் நம்பரே மாறிவிடும். அதே நிறுவனத்தின் அதே வகை என்ஜினை, ரசீதோடு, ஆர்டிஓ அனுமதி வாங்கி மாற்றி ஆர்சியில் பதியலாம். சிசி மாறும் என்ஜினுக்கு அந்தக் கதவு இல்லை. அந்த என்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டி திருட்டா விபத்தா என்பதும் உங்கள் தலையில் விழும். போதாததற்கு 500-இல் ஃப்யூல் இன்ஜெக்‌ஷன். டாங்க்குக்குள் பம்ப், இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி), தனி ஒயரிங் எல்லாம் வேண்டும். 75,000 அங்கே நிற்காது.

ஆக, மிச்சம் இருப்பது பழைய அளவிலேயே சீர்செய்வது அல்லது புது வண்டி. இதைத் தீர்மானிக்கப்போவது கிராங்க். பிளாக்கைக் கழற்ற நேர்ந்தால் பிஸ்டனை மேலே நிறுத்தி, கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சற்று நகர்வது இயல்புதான். மேலும் கீழும் துளி ஆட்டமும் இருக்கக் கூடாது. இருந்தால் கிராங்க்கேஸைப் பிரித்து, கிராங்கைப் பிரஸ்ஸில் தட்டி, புதுப் பின், பேரிங் போட்டு, டயல் கேஜில் நேர் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் 30,000 என்ற கணக்கு உடைந்துவிடும். இடது பக்க மூடியைத் திறக்கும்போது கிளட்ச் பிளேட்டோடு ஸ்பிராக் கிளட்ச்சையும் (செல்ஃப் மோட்டாரை என்ஜினோடு இணைக்கும் ஒருவழிக் கிளட்ச்) பாருங்கள். பலவீனமான பேட்டரியோடு செல்ஃப் ஸ்டார்ட்டை அழுத்திக்கொண்டே இருந்தால் என்ஜின் பின்னுக்கு உதைத்து முதலில் சாவது அதுதான்.

கிராங்க் நன்றாக இருந்தால் வேலையைத் தைரியமாகச் செய்யலாம். ஹெட்டில் இரண்டு வால்வு சீல் கட்டாயம் புதிது. கைடு தேய்ந்திருந்தால் கைடும் வால்வும் ஜோடியாக மாற்ற வேண்டும். வால்வை லாப் (பசை தடவித் தேய்த்து அமரவைப்பது) செய்தபின் ஹெட்டைச் சாய்த்து இன்லெட், எக்ஸாஸ்ட் வாய்களில் ஒவ்வொன்றாகப் பெட்ரோல் ஊற்றிப் பத்து நிமிடம் வைக்கச் சொல்லுங்கள். வால்வு விளிம்பில் ஈரம் கசிந்தால் மறுபடி லாப். பிளாக்கை போர் கேஜில் மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் அளக்க வேண்டும். அளவுகளுக்கு இடையே 0.05 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் வெறும் ரிங் மாற்றுவது பணத்துக்குக் கேடு. ஜோடி பொருத்தி வரும் புது பிளாக்-பிஸ்டனாகவே வாங்குங்கள். ரிங்கை பிஸ்டனில் ஏற்றுமுன் பிளாக்குக்குள் நேராக வைத்து வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் பார்க்க வேண்டும். 70 மி.மீ. போருக்கு 0.3 மி.மீ.யை ஒட்டி இருந்தால் சரி. குறைவாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும்.

பூட்டும்போது நடக்கிற தவறுகள் இரண்டு. இந்த என்ஜினில் ஹைட்ராலிக் டாப்பெட் (ஆயில் அழுத்தத்தில் இடைவெளியைத் தானே சரிசெய்யும் வால்வு தூக்கி). அவை ஆயில் நிரம்பி நீண்டிருக்கும் நிலையில் ராக்கரை (வால்வை அழுத்தும் நெம்புகோல்) இறுக்கிவிட்டு உடனே செல்ஃபை அழுத்தினால் வால்வுகள் திறந்தபடியே நின்று, கம்ப்ரஷன் இல்லாமல் போகும். புஷ்ராடு வளையவும் கூடும். இறுக்கியபின் அரை மணி நேரம் சும்மா விட்டு, பிளக் கழற்றிய நிலையில் என்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இன்னொன்று ஆயில் ஃபில்டர் மூடிக்குள் இருக்கும் சிறிய ஓ-ரிங். அது பழைய ஃபில்டரோடு ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போய்விடும், அல்லது இடம் மாறி உட்காரும். ஆயில் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. ஆயிரக்கணக்கில் செய்த வேலையை இருபது ரூபாய் ரப்பர் கெடுத்துவிடும். டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் நட்டை இறுக்கும் ஸ்பேனர்) இல்லாத கடையில் ஹெட்டைத் திறக்கவே விடாதீர்கள்.

ஆயில் 15டபிள்யூ50. முதல் 500 கி.மீ. 50-ஐத் தாண்டாமல், ஒரே வேகத்தில் பிடித்து வைக்காமல், பின்னால் ஆள் இல்லாமல் ஓட்டுங்கள். 500-இல் ஆயில், ஃபில்டர் இரண்டும் மாற்றம். 2,000 கி.மீ. வரை 70 போதும். ஏற்காட்டுக்கு அதுவரை விடுமுறை.

வேலையோடு வேலையாக கார்புரேட்டரில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த ஈ-20 பெட்ரோல். 2011 வண்டியின் ரப்பரும் ஜெட் (பெட்ரோல் வரும் சிறுதுளை) அளவும் அதற்காகச் செய்தவை அல்ல. பெட்ரோல் ஹோஸ், ஃப்ளோட் பவுல் கேஸ்கெட், ஓ-ரிங்குகள் எல்லாவற்றையும் புதுசாகப் போடுங்கள். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை மெலியும். நல்ல ஓட்டத்துக்குப் பின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் டீத்தூள் நிறம் இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்குங்கள். மெலிந்த கலவையோடு நீண்ட ஏற்றம் போனால் புது பிஸ்டன் இழுத்துப் பிடித்துவிடும். பழைய ஜெட்டைத் தூக்கி எறியாமல் டூல் பையில் போட்டு வையுங்கள். லடாக்கில் கர்துங் லா 5,300 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். அதே கலவை அங்கே கொழுத்துப்போய் வண்டி மூச்சுமுட்டும். அப்போது சிறிய ஜெட் கைகொடுக்கும்.

இனி மீட்டியோர். பலரும் பார்க்கத் தவறும் எண்களைச் சொல்கிறேன். உங்கள் தண்டர்பேர்டு புதிதில் 19.8 பிஎச்பி, 28 நியூட்டன் மீட்டர். மீட்டியோர் 20.2 பிஎச்பி, 27 நியூட்டன் மீட்டர். எடையும் 190 கிலோவை ஒட்டித்தான். "இழுக்கவில்லை" என்பதற்காக 2.40 லட்சம் கொடுத்தால் ஏமாந்து போவீர்கள். அந்தப் பணத்துக்குக் கிடைப்பது வேறு: உதறலைக் கொல்லும் பேலன்ஸர் ஷாஃப்ட், உயரத்துக்கு ஏற்பத் தானே கலவையைச் சரிசெய்யும் இன்ஜெக்‌ஷன், டியூப்லெஸ் டயர், முன் 300, பின் 270 மி.மீ. டிஸ்க்கோடு இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ். உங்கள் வண்டியில் ஏபிஎஸ் இல்லை, பின்னால் டிரம். என்ஜினை எவ்வளவு அழகாகச் சீர்செய்தாலும் இது மாறாது. மழையிலும் இரவிலும் மனைவியோடு ஓட்டும் பழக்கம் இருந்தால், புது வண்டி வாங்க அந்த ஒரு காரணமே எனக்குப் போதும். விலையிலும் சாதகம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, அதற்கு மேல் 40. மீட்டியோர் 349 சிசி. நிஜமான இழுவைதான் வேண்டும் என்றால் 40 பிஎஸ் தரும் ஹிமாலயன் 450 பக்கம் போக வேண்டும். அங்கே அந்த 40 சதவீதம் காத்திருக்கிறது.

என் கணக்கு இதுதான். கிராங்க் நன்றாக இருந்து மொத்த பில் 35,000-க்குள் அடங்கினால் சீர்செய்யுங்கள். கூடவே ஒரு பத்தாயிரம் ஒதுக்கி டயர், பிரேக் ஃப்ளூயிட், பேட், ஸ்டீயரிங் கோன்செட், ஃபோர்க் ஆயில், ஸ்விங்ஆர்ம் புஷ் பாருங்கள். கிராங்க், ஸ்பிராக், கியர்பாக்ஸ் மூன்றில் இரண்டு போயிருந்தால் அதற்கு மேல் ஒரு ரூபாய் போடாதீர்கள். இருக்கிற நிலையிலேயே விற்றுவிட்டுப் புதிதுக்குப் போங்கள். லடாக்கைப் பொறுத்தவரை, சீர்செய்த என்ஜின் குறைந்தது 3,000 கி.மீ. ஓடி, கசிவு ஏதும் இல்லை என்று தெரிந்த பிறகு கிளம்பினால் போதும்.

ஆர்சி புதுப்பிப்புக்குப் படிவம் 25. காலாவதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1,000 ரூபாய், தாமதித்தால் மாதத்துக்கு 300 கூடுதல். பசுமை வரி தனி. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்துத் தருவார்கள். என்ஜின் வேலையை செப்டம்பருக்குள் முடித்து, புகைச் சான்றும் வாங்கிக்கொண்டு போனால் ஆய்வில் சிக்கல் இராது. ஆய்வாளர் சேஸிஸ், என்ஜின் நம்பர்களைப் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பார். ஆகவே கிராங்க்கேஸைப் பளபளவென்று பஃபிங் செய்து தருகிறேன் என்று கடைக்காரர் ஆசைப்பட்டால், நம்பர் பொறித்த இடத்தில் பெயிண்டர் டேப் ஒட்டிவிட்டு வாருங்கள்.